மெதுவாக வளரும் லிம்போமா: கூட்டு மருந்து ஆய்வில் சேருமுன் பார்க்க வேண்டியவை, சேர்ந்தபின் செய்ய வேண்டியவை

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் தொடங்கும் புற்றுநோய். உங்களுடையது அதில் மெதுவாக வளரும் வகை என்று பயாப்ஸி (திசுப் பரிசோதனை) சொல்லிவிட்டது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வு ஒன்று நடக்கிறது, சேர விருப்பமா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் நிற்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் இந்த வழிகாட்டி.

பெரும்பாலோருக்கு இந்த நோயில் அவகாசம் உண்டு. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் படித்தால் நோய் கைமீறிப் போய்விடாது. கட்டி முதுகுத்தண்டையோ சிறுநீர்க்குழாயையோ மூச்சுப்பாதையையோ அழுத்துகிறது என்றால் மட்டும் கணக்கு வேறு. அங்கே சிகிச்சைதான் முதல், ஆய்வெல்லாம் பிறகு.

நோயின் பெயர் உறுதியா?

"மெதுவாக வளரும் லிம்போமா" என்பது ஒரே நோயல்ல. ஃபாலிகுலர் லிம்போமாதான் இதில் அதிகம் காணப்படுவது. மார்ஜினல் ஜோன் லிம்போமா, வால்டன்ஸ்ட்ராம் நோய், சிறிய லிம்போசைட் லிம்போமா ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். ஒன்றுக்குப் பொருந்தும் கூட்டு மருந்து மற்றதற்குப் பொருந்த வேண்டியதில்லை. எனவே நோயியல் அறிக்கையின் நகலை வாங்கி, வகையும் தரமும் (நுண்ணோக்கியில் செல்கள் தெரியும் விதத்துக்கு இடும் எண்) எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபாலிகுலரில் தரம் 1, 2, 3ஏ வரை மெதுவாக வளரும் வகையாக நடத்தப்படும். 3பி என்றால் வேகமாக வளரும் லிம்போமாவுக்கான சிகிச்சை. இந்த ஆய்வுகளில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்கள் இதற்குப் போதாது. நிணநீர்க்கணுவின் உள்ளமைப்பைப் பார்த்தால்தான் தரம் சொல்ல முடியும். முழுக் கணுவையும் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் தடித்த ஊசியில் பல துண்டுகள் எடுக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் திசுவை மைய ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொல்லும். துண்டு சிறிதாக இருந்து முதல் பரிசோதனையிலேயே தீர்ந்துபோனால் இரண்டாம் பயாப்ஸி தேவைப்படும். நோய் செயல்படும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட்-சிடி ஸ்கேனில் ஒரு கணு மட்டும் மற்றவற்றைவிட மிகப் பிரகாசமாகத் தெரிந்தால், நோய் வேகமான வகையாக மாறியிருக்கலாம். பயாப்ஸி அந்தக் கணுவிலிருந்துதான் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

சிலருக்குக் கூட்டு மருந்தே தேவைப்படாது. நோய் ஒரே இடத்தில் இருந்தால் 24 கிரே கதிர்வீச்சு மட்டும் போட்டே பலர் நீண்ட காலம் நோயின்றி இருக்கிறார்கள். இரைப்பையில் வரும் மார்ஜினல் ஜோன் லிம்போமாவில் ஹெலிகோபேக்டர் கிருமி இருந்தால் முதலில் ஆன்டிபயாடிக். ஹெபடைடிஸ் சி இருந்தால் அந்த வைரசுக்கான சிகிச்சையிலேயே லிம்போமா சுருங்குவதும் உண்டு.

சிகிச்சை இப்போதே வேண்டுமா?

உடம்பில் தொந்தரவு இல்லாதவர்களை மருந்தின்றிக் கண்காணிப்பது, உடனே குளோராம்புசில் என்ற கீமோ மாத்திரை கொடுப்பது, இரண்டையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2003இல் வெளியானது. வாழ்நாளில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் "காத்திருப்போம்" என்று மருத்துவர் சொல்வது அலட்சியமாகாது.

எப்போது தொடங்குவது என்பதற்கு ஜெல்ஃப் அளவுகோல் என்று ஒன்று உண்டு. புதிதாகக் கண்டறியப்பட்ட ஃபாலிகுலர் லிம்போமாவுக்கான ஆய்வுகள் பலவற்றின் வாசற்படியும் இதுதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் சிகிச்சைக்கு நேரமாயிற்று என்று பொருள்:

- 7 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி ஒன்று
- வெவ்வேறு இடங்களில் 3 கணுக்கள், ஒவ்வொன்றும் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல்
- காரணம் தெரியாத காய்ச்சல், துணி நனையும் இரவு வியர்வை, 6 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு
- தொந்தரவு தரும் மண்ணீரல் வீக்கம், உறுப்புகளை அழுத்தும் கட்டி, நுரையீரலைச் சுற்றியோ வயிற்றிலோ நீர்
- நியூட்ரோஃபில் (தொற்றைத் தடுக்கும் வெள்ளணு) மைக்ரோலிட்டருக்கு 1,000க்குக் கீழ், அல்லது தட்டணு (ரத்தம் உறைய உதவுவது) 1 லட்சத்துக்குக் கீழ்
- ரத்தத்திலேயே லிம்போமா செல்கள் மைக்ரோலிட்டருக்கு 5,000க்கு மேல்

இதோடு ஃப்ளிப்பி மதிப்பெண்ணைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வயது 60க்கு மேல், நிலை (நோய் பரவியிருக்கும் அளவு) 3 அல்லது 4, ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி கூடுதல், 4க்கு மேற்பட்ட கணுப் பகுதிகள் என்று ஐந்து புள்ளிகள். 3 முதல் 5 வரை இருந்தால் ஆபத்து கூடிய பிரிவு. இது நோய் எப்படிப் போகும் என்று ஊகிக்க உதவும்; சிகிச்சையை இன்றே தொடங்கு என்று சொல்லாது. ஜெல்ஃபில் ஒன்றும் இல்லாமலேயே ஆய்வுக்கு அழைக்கிறார்கள் என்றால், "காத்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்?" என்று கேளுங்கள். நேரான பதில் வர வேண்டும்.

எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?

ஆய்வின் தலைப்பில் இருக்கும் புதிய மருந்தின் பெயரை விட, அதோடு ஒப்பிடப்படும் பழைய சிகிச்சைதான் முக்கியம். இன்றைய வழக்கமான சிகிச்சையில் பி செல் என்ற வெள்ளணுவின் மேலுள்ள சிடி20 புரதத்தைக் குறிவைக்கும் மருந்தான ரிட்டுக்சிமாப் அல்லது ஒபினுடுசுமாப் ஒன்றும், அதனுடன் கீமோவும் சேரும். கீமோ பெண்டமுஸ்டினாக இருக்கலாம், சாப் அல்லது சிவிபி என்ற பல மருந்துக் கூட்டாக இருக்கலாம். இந்த அடித்தளம் எவ்வளவு வலுவானது என்று தெரிந்தால்தான் புதியதை எடைபோட முடியும்.

2013இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் பெண்டமுஸ்டின்–ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் நோய் மீளாமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டிய காலம்) 69.5 மாதம், ஆர்-சாப் (ரிட்டுக்சிமாபும் சாப்பும்) பெற்றவர்களில் 31.2 மாதம். ரிட்டுக்சிமாபுக்குப் பதில் ஒபினுடுசுமாப் கொடுத்த காலியம் ஆய்வில், 3 ஆண்டு முடிவில் நோய் முற்றாதவர்கள் 73.3இலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் கூடின. கீமோவே இல்லாமல், நோயெதிர்ப்பைத் தூண்டும் லெனலிடோமைடு மாத்திரையையும் ரிட்டுக்சிமாபையும் மட்டும் சேர்த்த ரெலவன்ஸ் ஆய்வில் 1,030 பேர். புதிய கூட்டு மேலானது என்று நிரூபிக்கத்தான் அதைத் தொடங்கினார்கள், அது நிரூபணமாகவில்லை. 3 ஆண்டில் நோய் முற்றாதவர்கள் 77 சதவீதமும் 78 சதவீதமும், ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் பக்கவிளைவின் முகம் மாறியது: நியூட்ரோஃபில் கடுமையாகக் குறைவது கீமோ பிரிவில் 50 சதவீதம், லெனலிடோமைடு பிரிவில் 32; கடுமையான தோல் தடிப்பு 1 சதவீதத்திலிருந்து 7 ஆனது. தேர்வு என்பது பல சமயம் இதுதான்: பலன் ஒன்று, எந்தத் தொந்தரவைத் தாங்குவது நமக்கு எளிது என்பதே கேள்வி.

இரண்டு நல்ல மருந்துகளைச் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை என்று நினைப்பது இயல்பு. இந்த நோயின் வரலாறே அதை மறுக்கிறது. லெனலிடோமைடு–ரிட்டுக்சிமாபுடன் இப்ருடினிப் மாத்திரையையும் சேர்த்து, முன்பு சிகிச்சை பெறாத ஃபாலிகுலர் நோயாளிகள் 22 பேரிடம் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. 82 சதவீதம் பேருக்குத் தோல் தடிப்பு, 36 சதவீதம் பேருக்கு அது கடுமையான அளவில். பலனோ இரு மருந்துக் கூட்டைவிடத் தெளிவாக மேலாக இல்லை. இதைவிடக் கசப்பான பாடம் ஐடெலாலிசிப். நோய் மீண்டவர்களுக்கு அது அப்போது ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த மருந்து. அதை ரிட்டுக்சிமாபோடும் பெண்டமுஸ்டினோடும் சேர்த்து, சிகிச்சையின் ஆரம்ப வரிசைகளில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்தபோது தொற்றால் இறப்புகள் கூடின. 2016 மார்ச்சில் ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. அதை லெனலிடோமைடு–ரிட்டுக்சிமாபோடு சேர்த்த வேறு ஆய்வுகளும் கடும் நச்சு விளைவால் முன்கூட்டியே மூடப்பட்டன.

காரணம் புரியாத ஒன்றல்ல. ஒவ்வொரு மருந்தும் தனித்தனியே நோயெதிர்ப்பின் ஒரு பகுதியைக் குறைக்கிறது: ரிட்டுக்சிமாப் பி செல்களை அழிக்கும், பெண்டமுஸ்டின் டி செல்களை மாதக்கணக்கில் தாழ்த்தி வைக்கும். மூன்றாவது ஒன்று வந்து மீதியைத் தொட்டால் தடுப்பதற்கு உடம்பில் ஆளில்லை. அதோடு, முதன்முறை சிகிச்சை பெறுபவரின் நோயெதிர்ப்பு மண்டலம் பலமுறை கீமோ பெற்றவருடையதைவிடத் துடிப்பானது. சில மருந்துகளுக்கு அது கல்லீரல் அழற்சியாகவும் குடல் அழற்சியாகவும் பதில் சொல்லும். மீண்டவர்களிடம் பாதுகாப்பாக இருந்தது என்பது புதியவர்களுக்கான உத்தரவாதமாகாது. ஆய்வு தேவைப்படுவதே இதனால்தான்.

எந்தக் கட்டம்?

முதல் கட்டத்தில் தேடுவது டோசை. பழைய முறையில் மூவருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒருவருக்கும் எல்லை மீறிய நச்சு விளைவு இல்லையென்றால் அடுத்த டோஸ். ஒருவருக்கு வந்தால் அதே டோசில் இன்னும் மூவர். இருவருக்கு வந்தால் அத்துடன் நிறுத்தம். இரண்டாம் கட்டத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள், பெரும்பாலும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல். மூன்றாம் கட்டத்தில்தான் கணினி குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடுவார்கள். நல்ல வழக்கமான சிகிச்சை கையில் இருக்கும்போது, புதிதாகக் கண்டறியப்பட்ட ஒருவர் முதல் கட்ட ஆய்வில் சேர அசாதாரணமான காரணம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. மூன்றாம் கட்டத்தில் ஒப்பீட்டுப் பிரிவில் வருபவருக்கு வழக்கமான சிகிச்சையாவது உறுதி.

ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் தளத்திலோ உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தேடல் தளத்திலோ பாருங்கள். அங்கே "முதன்மை அளவுகோல்" என்ற வரியைத் தேடுங்கள். இந்த நோயில் பலர் பல ஆண்டுகள் வாழ்வதால் வாழ்நாள் வித்தியாசத்துக்குக் காத்திருக்க முடியாது. ஆகவே நோய் முற்றாத காலத்தையோ, 30ஆம் மாதத்தில் நோய் முழுமையாக மறைந்திருக்கிறதா என்பதையோ அளவாக வைப்பார்கள். "கட்டி சுருங்கியவர்கள் எத்தனை பேர்" என்பது மட்டும் அளவு என்றால் எச்சரிக்கையாகப் படியுங்கள். வழக்கமான சிகிச்சையிலேயே பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கும்.

கையெழுத்துக்கு முன்

படிவத்தில் பக்கவிளைவுப் பட்டியல் நீளமாக இருக்கும். அதை மனப்பாடம் செய்வதைவிட இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குவது பயன்:

எந்த மருந்து, எந்தப் பரிசோதனை இலவசம், எதற்கு நான் அல்லது என் காப்பீடு பணம் கட்ட வேண்டும்? ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? முதல் இரண்டு மாதத்தில் எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டும், இரவு தங்க வேண்டிய நாட்கள் எவை? கூடுதல் பயாப்ஸி கட்டாயமா, விருப்பமா? தேறினால் ஆய்வு முடிந்த பின்னும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? நடு இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும். விலகுவதில் படிகள் உண்டு. மருந்தை மட்டும் நிறுத்திக்கொண்டு பரிசோதனைகளுக்கு வருவது ஒன்று. உடல்நிலைத் தகவலை மட்டும் தொலைபேசியில் தருவது இன்னொன்று. முற்றிலும் விலகுவது மூன்றாவது. பக்கவிளைவு தாங்காமல் நிறுத்துபவர்கள் முதல் படியோடு நின்றால் ஆய்வுக்கும் உண்மை கிடைக்கும். தொந்தரவு பட்டவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து மறைந்துபோனால் மருந்து தனக்கில்லாத நல்ல பெயரைப் பெற்றுவிடும்.

முதல் டோசுக்கு முந்தைய பரிசோதனைகள்

ஹெபடைடிஸ் பி பரிசோதனையில் இரண்டு விடைகள் வேண்டும்: மேற்பரப்பு ஆன்டிஜென், உட்கரு ஆன்டிபாடி. முதலாவது மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்வதே வழக்கமான தவறு. எப்போதோ வந்து அடங்கிய வைரஸ் ரிட்டுக்சிமாபுக்குப் பின் விழித்துக் கல்லீரலைச் சிதைக்கலாம். உட்கரு ஆன்டிபாடி இருந்தால் என்டெகவிர் அல்லது டெனோஃபோவிர் போன்ற தடுப்பு மருந்து தேவைப்படும். கடைசி ரிட்டுக்சிமாபுக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் அது தொடரும். சில ஆய்வுகளில் இது தகுதியையே தடுக்கும்.

இன்னும் இவை: எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, சிறுநீரகச் செயல்பாடு, எல்டிஎச், யூரிக் அமிலம், இம்யூனோகுளோபுலின் அளவு, சாப் பிரிவு இருந்தால் இதய எக்கோ. சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 60 மி.லி.க்குக் கீழ் இருந்தால் லெனலிடோமைடு டோசைக் குறைப்பார்கள். தடுப்பூசிகள் பாக்கியிருந்தால் மருந்து தொடங்க இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். பி செல்கள் போனபின் போடும் ஊசிக்கு உடம்பு சரியாகப் பதில் தராது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி கூடாது.

டோசை நீங்களே சரிபார்க்கலாம். உயரத்தை செ.மீ.யிலும் எடையை கிலோவிலும் பெருக்கி, 3,600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு. 160 செ.மீ., 60 கிலோ என்றால் 1.63 சதுர மீட்டர். ரிட்டுக்சிமாப் சதுர மீட்டருக்கு 375 மி.கி. என்பதால் ஏறக்குறைய 612 மி.கி.; பெண்டமுஸ்டின் 90 என்றால் ஏறக்குறைய 147 மி.கி., 28 நாள் சுற்றின் முதல் இரு நாட்களில். ஒபினுடுசுமாபுக்கு இந்தக் கணக்கு இல்லை. எல்லாருக்கும் 1,000 மி.கி. எடை 10 சதவீதம் மாறினால் மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

மருந்து ஏறும் நாட்களில்

முதல் ரிட்டுக்சிமாப் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி, அதிகபட்சம் 400 வரை போகும். அரை நாளாவது ஆகும். குளிர் நடுக்கம், காய்ச்சல், தொண்டை இறுக்கம், அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வரும். "கொஞ்சம்தானே" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே சொன்னால் நிறுத்திவைத்து, தணிந்தபின் பாதி வேகத்தில் தொடர்வார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று காலை அதை எடுக்கலாமா என்று முன்னதாகவே கேட்க வேண்டும். மருந்து ஏறும்போது அழுத்தம் இறங்கக்கூடும்.

கட்டிச் சுமை அதிகமுள்ளவர்களுக்கு முதல் சுற்றில் செல்கள் மொத்தமாக உடைந்து பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறலாம். முன்கூட்டியே அலோபியூரினால், போதிய தண்ணீர், முதல் நாட்களில் ரத்தப் பரிசோதனை. சிறுநீர் குறைந்தால் உடனே தெரிவியுங்கள்.

பெண்டமுஸ்டின் பிரிவில் கோட்ரைமாக்சசோல், அசைக்ளோவிர் போன்ற தடுப்பு மாத்திரைகள் சேரும். கடைசிச் சுற்று முடிந்ததும் இவற்றைத் தாமாக நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு; டி செல்கள் திரும்ப மாதங்கள் ஆகும், அக்கி வருவதும் நுரையீரல் தொற்று வருவதும் பல சமயம் அந்த இடைவெளியில்தான்.

லெனலிடோமைடு கருவைச் சிதைக்கும். கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குத் தொடங்குமுன் இரண்டு கர்ப்பப் பரிசோதனை, பிறகும் தொடர்ந்து பரிசோதனை, ஆண்களுக்கு ஆணுறை, நிறுத்தி நான்கு வாரம் வரை ரத்த தானம் கூடாது. ரத்தக்கட்டு ஆபத்து இருப்பதால் ஆஸ்பிரின் அல்லது வேறு மருந்து தருவார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. முதல் வாரங்களில் கணுக்கள் வீங்கி வலித்தால் அது மருந்தின் தற்காலிகக் கொந்தளிப்பாக இருக்கலாம். நோய் முற்றியது என்று முடிவுகட்டுமுன் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மோசுனெடுசுமாப், எப்கோரிடமாப் போன்ற இருமுனை ஆன்டிபாடிகள் இப்போது முதல் வரிசை ஆய்வுகளுக்கு வந்துவிட்டன. ஒரு கை லிம்போமா செல்லையும் மறு கை டி செல்லையும் பிடிப்பதால், அழற்சிப் புரதங்கள் ஒரேயடியாகக் கொட்டும் சைட்டோகைன் வெள்ளம் ஏற்படலாம். அதனால்தான் டோஸ் படிப்படியாக ஏறுகிறது; நரம்பு வழி மோசுனெடுசுமாபில் 1, 2, பிறகு 60 மி.கி. என்று வாரம் ஒரு படி. இடையில் ஒரு படி தவறி நாட்கள் கடந்தால் பழைய படியிலிருந்து மீண்டும் தொடங்க நேரலாம். முதல் சுற்றின் பெரிய டோசுக்குப் பின் வரும் இரண்டு நாள் வீட்டில் ஒருவர் உடன் இருக்கட்டும். காய்ச்சல், தலைசுற்றல், மூச்சு வாங்குதல் மட்டுமல்ல. பேச்சுக் குழறல், குழப்பம், கையெழுத்து மாறுதல் கூட அழைக்க வேண்டிய அறிகுறிதான்.

எந்தப் பிரிவாக இருந்தாலும் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அது காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. முதலில் அழைப்பு, பிறகு ரத்தப் பரிசோதனை. நியூட்ரோஃபில் 500க்குக் கீழ் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் தேவை.

மாத்திரை நாட்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். தவறவிட்டதைத் தவறவிட்டது என்றே எழுதுங்கள்; மறைத்தால் டோசைப் பற்றிய முடிவே பிழையாகும். மீந்த மாத்திரைகளையும் காலி உறைகளையும் திருப்பித் தர வேண்டும். மூலிகை, சத்து மாத்திரை, கைவைத்தியம் எதுவானாலும் ஆய்வுச் செவிலியரிடம் சொல்லுங்கள். இப்ருடினிப் வகை மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் சாறு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும்.

ஸ்கேனும் பிறகும்

பெட்-சிடிக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை கட்டுப்பாட்டில். கீமோ முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்தால்தான் அழற்சியின் ஒளி அடங்கியிருக்கும். வெள்ளணு ஏற்றும் ஊசி போட்ட உடனே எடுத்தால் எலும்பு மஜ்ஜை முழுதும் மினுங்கிக் குழப்பும். விடை டோவில் மதிப்பெண்ணில் (கட்டி எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கான 1 முதல் 5 வரையிலான அளவு) வரும்: 1, 2, 3 என்றால் நோயின் செயல்பாடு மறைந்தது, 4, 5 என்றால் முடிந்தவரை பயாப்ஸி செய்து உறுதிப்படுத்தாமல் அடுத்த சிகிச்சைக்குத் தாவக்கூடாது.

முதல் 24 மாதம் முக்கியமானது. ஆர்-சாப் பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதற்குள் நோய் மீண்டது. அவர்களில் 5 ஆண்டு வாழ்ந்தவர்கள் 50 சதவீதம், மற்றவர்களில் 90 சதவீதம் என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இந்தக் காலத்தில் எந்தச் சந்திப்பையும் தவறவிடாதீர்கள். முதல் சிகிச்சை முடிந்தபின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு தரும் ரிட்டுக்சிமாப் பராமரிப்பு என்பது நோயைத் தள்ளிப்போடும். வாழ்நாளைக் கூட்டியதாக, அதைச் சோதித்த பிரைமா ஆய்வின் 10 ஆண்டு முடிவு காட்டவில்லை. அடிக்கடி சளி, சைனஸ் தொற்று வருபவர்கள் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்த்துவிட்டுப் பராமரிப்பைத் தொடர்வதா என்று பேசலாம்.

முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து ஒரு சுருக்கத்தாள் கேட்டு வாங்கி வையுங்கள்: நோயின் வகை, தரம், எந்தப் பிரிவில் இருந்தீர்கள், ஒவ்வொரு மருந்தின் மொத்த டோஸ், கடைசி டோஸின் தேதி. ஆர்-சாப் ஆறு சுற்று என்றால் டாக்சோரூபிசின் சதுர மீட்டருக்கு 300 மி.கி. சேர்ந்திருக்கும், இதயத்துக்கான வாழ்நாள் எல்லையில் பாதிக்கு மேல் அது தீர்ந்துவிட்டது என்பது அடுத்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பெண்டமுஸ்டின் எப்போது முடிந்தது என்ற தேதியும் அப்படித்தான். பின்னொரு நாள் உங்கள் டி செல்களையே மாற்றியமைத்துத் திருப்பித் தரும் கார்-டி சிகிச்சைக்கு அவற்றைச் சேகரிக்க வேண்டி வந்தால், அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுவாக இருக்கும்.